கைநாட்டுக்கு மேல் இரண்டு வரி

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மச்சான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. தங்கச்சிக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டும் என்றீர்களே, எடுத்தாகிவிட்டதா?

சோப்பு ஆலையின் தகரக் கூரை புயலில் பறந்துபோய் ரயில் பாதையில் விழுந்ததே, அந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே வருஷம்தான் டிராம் வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வெள்ளைச் சோப்பில் நீல நிறம் கலந்துபோய் ஒரு லாரிச் சரக்கு திரும்பி வந்ததும் அந்த வருஷந்தான். தங்கச்சியை உங்களுக்குப் பேசி முடித்ததும் அப்போதுதான். அந்த வருஷந்தான் நம் நெட்டையன் சரக்கு லிஃப்ட்டோடு நாலு மாடி கீழே விழுந்து செத்தான்.

போன செவ்வாய்க்கிழமை அவன் மகள் என்னைத் தேடி வந்தாள். மூன்று வயசில் பார்த்த பிள்ளை. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்னும் ஆறு வருஷத்தில் ஓய்வாம். ஆலை மூடிக் கிடந்த இடத்தில் பூங்கா கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே வேலையில் உயிர்விட்டவர்கள் பெயரைப் பலகையில் பொறித்து வைக்கப் போகிறார்களாம். ஒன்பது பேர். நெட்டையன் பெயர் அதில் இல்லை. ‘குடித்துவிட்டு லிஃப்ட்டை இயக்கினார்’ என்று ஆலைக் காகிதத்தில் இருக்கிறதாம். நெட்டையன் குடித்தானா மாப்பிள்ளை? சோடா குடித்தாலே மூக்கில் ஏறி அழுகிற ஆள்!

பழைய அறையில் கிடந்த தாள்களை அவள் நகல் எடுத்து வந்திருந்தாள்.

“பெரியப்பா, இது உங்க கைநாட்டுதானே?” என்றாள்.

“என்னுதுதான். நடுவுல தழும்பு இருக்கு பாரு. சோப்பு வெட்டுற கம்பி கிழிச்சது.”

“இதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? கம்பிக்கயிறு அறுந்துக்கிட்டு வருது, லிஃப்ட்டை நிறுத்துங்கன்னு நான் சொன்னது. உங்கப்பா சாகறதுக்குப் பத்து நாள் முந்தி.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ‘லிஃப்ட் பிரிவுத் தொழிலாளி நேரில் வந்து அங்கலாய்த்தார். நடவடிக்கை தேவையில்லை.’ அவ்வளவுதான்.

எனக்கு எண்பத்தொரு வயசாகிறது. ‘அங்கலாய்த்தார்’ என்கிற சொல் அதுவரை என் காதில் விழுந்ததில்லை. “அப்படீன்னா?” என்றேன். சொல்லத் தயங்கினாள். “ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் மனசு கசந்து புலம்புறது, பெரியப்பா” என்றாள்.

அன்றைக்கு நான் சொல்ல, ஆலைக் குமாஸ்தாவாக எழுதினவர் நீங்கள். நீங்கள் எழுதின தாளை எந்தப் பாவியோ மாற்றியிருக்கிறான். நீங்கள் படித்தவர். அந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, யார் மாற்றியிருப்பார்கள், இரண்டையும் எழுதுங்கள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்


ஜனவரி 25

மதிப்பிற்குரிய மச்சானுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். உங்கள் தங்கைக்கு வலது கண் முடிந்தது; இடது கண் அடுத்த மாதம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மாடிப்படியில் அவசரப்படாதீர்கள்.

நீங்கள் கேட்ட சொல் ஒன்றும் மோசமான சொல் அல்ல. மனக்குறையை வருத்தத்தோடு எடுத்துச் சொல்வது என்று பொருள். அலுவலக நடைமுறையில் இதுபோல் பல சொற்கள் வழக்கில் இருந்தன. அவற்றை இன்றைய கண்ணோடு பார்க்கக் கூடாது.

மற்றபடி நாற்பத்தெட்டு வருடமாகிவிட்டது. எனக்கு அவ்வளவாக நினைவில்லை. அந்தப் பெண்ணிடம் ஆறுதலாகப் பேசி அனுப்புங்கள்.

உங்கள் தங்கை உங்களை மிகவும் விசாரித்தாள்.

இப்படிக்கு
தங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. தங்கச்சியை அடுப்புப் புகையில் நிற்க விடாதீர்கள்.

உங்களுக்கு நினைவில்லை என்றால் பரவாயில்லை, எனக்கு இருக்கிறது. எழுதத் தெரியாதவனுக்கு மண்டைதானே அலமாரி! புதன்கிழமை, சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம். மேலாளர் அறையில் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் ‘டக்’ என்று தட்டும். மேலாளர் நாற்காலியில். ஃபோர்மேன் ஜன்னலோரம் நின்று காது குடைந்துகொண்டிருந்தார். நீங்கள் சின்ன மேஜையில், சட்டைப்பையில் மைக்கறை. நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றேன்.

நான் சொன்னது இது: “கம்பிக்கயித்துல ஏழு இழை அறுந்திருக்கு. மூணாம் மாடி தாண்டுனா பெட்டி நடுங்குது. நெட்டையனும் நானும் மாறி மாறி ஓட்டுறோம். யாராவது சாகறதுக்கு முந்தி நிறுத்துங்க.” நீங்கள் எழுதினீர்கள். எழுதத் தெரியாத ஆள் சொன்னதை எழுதினால் அவனுக்கே படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும், அது ஆலைச் சட்டம். நீங்களும் படித்துக் காட்டினீர்கள். ஏழு இழை, மூணாம் மாடி, நடுக்கம், நெட்டையன், ஒன்று குறையவில்லை. வைத்தேன் விரலை.

இப்போது ஒன்று இடிக்கிறது. தாளை மாற்றினார்கள் என்று போன கடிதத்தில் சொன்னேன். தாளை மாற்றலாம், என் தழும்பை எப்படி மாற்றுவார்கள்? நகலில் இருப்பது என் விரல். அப்படியானால் அன்றைக்கு நான் விரல் வைத்த தாளே அதுதான்.

அன்றைக்கே ஒன்று என் கண்ணில் பட்டது. நீங்கள் படித்தது நீளம். தாளில் இருந்தது இரண்டு வரி. நான் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். எழுத்து என்பது பேச்சைச் சுருக்கி மடித்து வைக்கிற வித்தை போலிருக்கிறது, துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது மாதிரி, படிக்கத் தெரிந்தவன் பிரித்துக்கொள்வான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன், ‘மாப்பிள்ளையாகப் போறவர் அவ்வளவு பேச்சையும் ரெண்டு வரியில அடக்கிட்டாரு’ என்று.

நான் இதைச் சொன்னபோது தையல்காரம்மா பேனாவை வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் “நீங்க மேல சொல்லுங்க பெரியவரே” என்கிறாள்.

அப்படி மடித்து எழுத முடியுமா மாப்பிள்ளை? முடியும் என்றால் முடியும் என்று எழுதுங்கள்.

உங்கள் மச்சான்


மார்ச் 20

மதிப்பிற்குரிய மச்சானுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இடையில் எனக்குக் காய்ச்சல். உங்கள் தங்கைக்கு இடது கண்ணும் முடிந்து, நன்றாகத் தெரிகிறது என்கிறாள்.

நீங்கள் கேட்டது சரிதான். சுருக்கெழுத்து என்று ஒன்று உண்டு. நீண்ட பேச்சைச் சில குறிகளில் அடக்கிவிடலாம். அதைப் பிறகு விரித்து எழுதியவர்கள் தவறு செய்திருக்கலாம். பழைய அலுவலகங்களில் இது சகஜம்.

வெயில் ஏறுகிறது. மோர் நிறையக் குடியுங்கள். இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவது உங்கள் உடம்புக்கு நல்லது.

இப்படிக்கு
தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 28

மாப்பிள்ளைக்கு. உடம்பைப் பற்றிப் பிறகு பேசலாம். தங்கச்சிக்குக் கண் தெளிந்ததில் சந்தோஷம்.

உங்கள் கடிதத்தைத் தையல்காரம்மா படித்தாள். சுருக்கெழுத்து என்ற இடம் வந்ததும் ஊசி குத்தினவள் மாதிரி எழுந்துவிட்டாள்.

“பெரியவரே, எவ்வளவு நாளைக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? அந்த நகலை எடுங்க.” எடுத்தேன். உங்கள் கடிதத்தையும் அதையும் தையல் மிஷின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “இது சுருக்கெழுத்தும் இல்ல, மண்ணும் இல்ல. சாதா எழுத்து. நான் படிக்கிற அதே எழுத்து. யாரு கைன்னு சொல்லவா?”

“யாரு கை?”

“பதினோரு வருஷமா உங்களுக்கு வர்ற கடுதாசியை நான்தானே படிக்கிறேன். வரி முடிஞ்சா பேனாவை எடுக்காம ஒரு வால் இழுப்பாரு பாருங்க, எருமை மாட்டு வாலு. இங்கேயும் அதே வால், அங்கேயும் அதே வால்.”

எனக்கு எழுத்துத் தெரியாது. வால் தெரிந்தது. இரண்டிலும் தெரிந்தது.

மாப்பிள்ளை, நீங்கள் தாளில் ஒன்று எழுதிவிட்டு வாயால் வேறொன்று படித்திருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்து, ‘சரியா இருக்கா மச்சான்?’ என்றும் கேட்டீர்கள். நான் ‘ரொம்பச் சரி’ என்றேன். நாற்பத்தெட்டு வருஷம் என் தங்கச்சி கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள், என் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்திருக்கிறீர்கள். நடுக்கம், அறுந்த இழை, சாவு வரப்போகிறது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னவன் அங்கலாய்க்கிறவனா? அப்படியானால் தீப்பிடித்த வீட்டில் கத்துகிறவனும் அங்கலாய்க்கிறவன்தான். எழுதி வையுங்கள்!

இனிமேல் தையல்காரம்மா எழுதினதை அப்படியே அனுப்ப மாட்டேன். அவளிடமே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை. முனையிலிருக்கிற மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உறையில் போடுவேன். இதை அவர் படித்துவிட்டார். ‘எருமை மாட்டு வால்’ வரைக்கும் இருக்கிறதாம்.

உங்கள் மச்சான்


மே 2

மாப்பிள்ளைக்கு. சுகமா? ஒரு மாசமாயிற்று. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறார். பலகை வேலை ஆகஸ்டில் என்கிறாள் நெட்டையன் மகள். அவள் பலகைக்காரர்களிடம் போய்க் கேட்டாளாம். “முறையீடு கொடுத்திருந்தா பதிவேட்டுல இருக்குமேம்மா. இருக்கிறது அங்கலாய்ப்புதானே?” என்றார்களாம். அங்கலாய்ப்பு, அங்கலாய்ப்பு! சனியன் பிடித்த சொல் சோற்றில் கல் மாதிரி வாயில் வருகிறது.

தங்கச்சி விசாரித்ததாக உங்கள் போன கடிதத்தில் ஒரு வரி இல்லையே, ஏன்?

மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டார்.

உங்கள் மச்சான்


மே 19

மச்சானுக்கு. வணக்கம்.

எழுதியது நான்தான். காலையிலேயே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “லிஃப்ட்காரன் வருவான். முறையீடுன்னு பதிஞ்சா லிஃப்ட்டை நிறுத்திச் சோதிக்கணும். மாசக் கடைசி, சரக்கு இறங்கணும். அங்கலாய்ப்புன்னு போடு” என்றார். எழுத வேண்டியதைத் துண்டுத் தாளில் எழுதியே கொடுத்தார். ஃபோர்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். நான், “அவருக்குப் படிச்சுக் காட்டணுமே சார்” என்றேன். “காட்டு. அவன் சொன்னதையே அவனுக்குச் சொல்லு. அவனுக்கா தெரியப்போகுது?” என்றார்.

நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கயிறு சோதனை அடுத்த மாதம் எப்படியும் உண்டு. அதுவரை தாங்கும் என்று நினைத்தேன். நான் கயிற்றைப் பார்த்தவனல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் தற்காலிகக் குமாஸ்தா. “வேலை நிரந்தரமாகாத ஆளுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன். காகிதத்தோட வந்தா பேசலாம்” என்று டீக்கடை வாசலில், நாலு பேர் முன்னால் சொன்னது யார் மச்சான்? உங்கள் மண்டை அலமாரியில் அதுவும் இருக்கும். நிரந்தரக் காகிதம் எனக்கு அந்த மாதக் கடைசியில் வந்தது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. தெருவில் ‘சார்’ என்கிறார்கள். பேரனுக்குப் பெண் பார்க்கிறோம். விட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை


மே 30

மாப்பிள்ளைக்கு. நலந்தானே என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், கோபத்தில் அது விட்டுப்போகக் கூடாது.

சொன்னேன். டீக்கடை வாசலில் சொன்னேன். நீங்கள் நாலு பேர் என்கிறீர்கள், ஐந்து பேர். அதில் நெட்டையனும் ஒருவன். நீங்கள் தலைகுனிந்து போன பிறகு, “ஏண்டா அந்தப் பையனை இப்படி விரட்டுறே? நல்ல புள்ளைடா. தங்கச்சிக்கும் பிடிச்சிருக்கு” என்று என்னைத் திட்டினவன் அவன்தான். உங்கள் பக்கம் பேசின ஒரே ஆள். அது உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

என் வாயிலிருந்து வந்த சொல்லும் அந்தக் கயிற்றில் ஒரு இழையை அறுத்திருக்கிறது. சரி, அந்த இழை என்னுடையது. அதை நான் சுமக்கிறேன். ஆனால் நான் உங்களிடம் கேட்டது வேலைக் காகிதம். என் விரலை ஏமாற்றி வாங்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. நெட்டையன் குடித்திருந்தான் என்று ஒரு தாள் இருக்கிறதே, அதைப் பற்றி இவ்வளவு பெரிய கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதன் நகலை அவள் இன்னும் எனக்குக் காட்டவில்லை. காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. அதில் வால் இருந்துவிடுமோ என்று பயம்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ‘விபத்துக்குப் பத்து நாள் முன்பே முறையீடு வந்தது, நான்தான் வேறு மாதிரி எழுதினேன், லிஃப்ட் ஓட்டினவர் குடிக்கிறவர் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளுக்கு அனுப்புங்கள். அவள் அம்மா செத்துப்போகிறவரைக்கும் குடிகாரன் பெண்டாட்டி என்று சொல்லி ஒரு வீட்டிலும் வேலைக்கு நிலைக்க விடவில்லையாம். இவளுக்கு வந்த வரன் இரண்டு அதே பேச்சில் திரும்பிப் போனதாம். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குத்தான் நெஞ்சு கொதிக்கிறது.

“அன்னைக்கு எழுதினது யாருன்னு ஞாபகம் இருக்கா பெரியப்பா?” என்று கேட்டாள். அந்த அறையில் மின்விசிறி தட்டினது வரைக்கும் அவளுக்குச் சொன்ன நான், என் ஆயுசில் முதல் தடவையாக, “மறந்துபோச்சும்மா” என்றேன். அவள் நம்பினாளா இல்லையா தெரியவில்லை. தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை பதினைந்து வரைக்கும் பார்ப்பேன். அதற்கு மேல் எனக்கு எல்லாம் நினைவு வந்துவிடும்.

மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டார். படித்து முடித்துக் கடை வேலையாளை வெளியே அனுப்பிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

உங்கள் மச்சான்


ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி எழுதுகிறேன். கண் வந்த பிறகு நானே எழுதுகிற முதல் கடுதாசி இதுதான். எழுத்துக் கோணலாக இருக்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். கால் வலி எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

அவர் உனக்குப் பதில் எழுதவில்லை என்று நினைக்காதே. தினமும் எழுதுகிறார். எழுதி, கிழித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நடக்கப் போகிறார். முன்னெல்லாம் எனக்குக் கண் தெரியாது, கூடையைக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவேன். இப்போது தெரிகிறது. ஒட்டவைத்துப் படித்தேன். ஒரு துண்டில் ‘இரண்டு தாளும் என் கைதான்’ என்று இருந்தது. உன் கடுதாசிகளையும் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். நீ என்னைக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. நான் உன்னை விசாரித்ததாக அவர் எழுதினாரே, அது நான் சொன்னதல்ல. கடுதாசி போனதே எனக்குத் தெரியாது.

“அனுப்பிடுங்களேன்” என்றேன். “பேரன் கல்யாணம் முடியட்டும்” என்கிறார். கல்யாணம் முடிந்தால் வேறொன்று வரும்.

சொல்லு என்றும் நான் சொல்ல மாட்டேன், சொல்லாதே என்றும் சொல்ல மாட்டேன். நீ சொன்னால் எத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருப்பேன் என்று எனக்கே தெரியாது அண்ணா. நாற்பத்தெட்டு வருஷம் நல்லபடியாகத்தான் என்னை வைத்திருந்தார். ஆனால் அந்தப் பிள்ளையை நான் இடுப்பில் தூக்கியிருக்கிறேன். அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவளைக் கண்ணால் பார்க்க ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி


ஜூலை 20

நெட்டையன் மகளுக்கு, உன் பெரியப்பா சொல்லித் தையல்காரம்மா எழுதுவது. நலமாக இருக்கிறாயா அம்மா? இரவு டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. வீட்டுக்கு வந்து நேரில் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் மறந்துபோச்சு என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழுதச் சொல்கிறேன்.

எனக்கு மறக்கவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். ஆறு மாசமாக ஒருவர் தானாக வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். பதினைந்தாம் தேதி போய் ஐந்து நாள் கூடுதலாகவும் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா குடித்தவர் அல்ல. அவர் மேல் சோப்பு வாசனையைத் தவிர வேறு வாசனையை நான் கண்டதில்லை. அன்று காலை அவர் முறையே இல்லை. என் முறை. எனக்குப் பல்வலி என்று அவர் ஏறினார். இதை உன் அம்மாவிடம் சொல்லாமல் ஒளித்தேன். உன்னிடமும் ஒளித்தேன். இனிமேல் ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீ என்னோடு பேசாவிட்டாலும் அது நியாயந்தான்.

பலகைக்காரர்கள் கேட்டால் சொல்லு. கயிற்றைப் பற்றி நான் முறையிட்ட அறையில் நாலு பேர் இருந்தோம். மேலாளர், ஆற்றுப்பாலம் இடிந்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். ஃபோர்மேன், ஆலை மூடின மறு வருஷம், மகன் வீட்டில், பேச்சு நின்று எட்டு மாசம் கிடந்து போனார். நான் இருக்கிறேன், ஆனால் என்னைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நான் அங்கலாய்க்கிறவன் என்று எழுத்திலேயே இருக்கிறதே!

அதனால் நீ போய்க் கேட்க வேண்டியது ஒரே ஒருவரை. இரண்டு தாளையும் எழுதினவர் அவர்தான். விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டார். பகலில் போ. கதவைத் திறக்கிற அம்மாள் உன்னைப் பார்த்து அழுதால், அவளிடம் கோபப்படாதே, அவள் உனக்குச் சட்டை தைத்துப் போட்டவள், என் தங்கச்சி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கு அந்தச் சின்ன மேஜையில் இருந்த குமாஸ்தா. அந்த அறையில் இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான், அம்மா. என் தங்கச்சி புருஷன். என் மாப்பிள்ளை.